மாத்துச் சூடு

லிங்கத்துரை செத்த மத்தியானம் அவன் உடம்பிலிருந்த சூடு அத்தனையும் பேச்சிக்கனியின் வலது உள்ளங்கை வழியாக அவளுக்குள் வந்து சேர்ந்தது. வந்தது வந்ததுதான், பிறகு ஆறவே இல்லை. சித்திரை முடிய அன்றைக்கு நான்கு நாள் இருந்தது. முள்ளியோடை உப்பளத்தில், தலைக்கு மேலே ஒரு வெயில், பாத்தியில் விளைந்து கிடந்த உப்பின் வெள்ளையில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கிற கீழ்வெயில் ஒன்று என்று இரண்டு வெயிலுக்கு நடுவே ஆட்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பாத்தியில் தனியாக நின்ற லிங்கத்துரை, தலையில் பெட்டி எதுவும் இல்லாமலேயே, "மாத்து" என்று கூப்பிட்டான். நாலு வரப்பு தள்ளி நின்ற அவன் மனைவி பேச்சிக்கனி, பெட்டியில்லாத மனுசன் எதை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான் என்று யோசித்தபடி முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். போய்ச் சேர்ந்து கையைப் பிடித்தபோது அவன் கை கொள்ளிக்கட்டையாக இருந்தது, அடுத்த நொடி குளிர்ந்த மண்பானையாக இருந்தது, அவன் போய்விட்டான்.

மாத்து என்பது முள்ளியோடையில் ஒரு சட்டம். உப்புப் பெட்டியைத் தலையில் ஏற்றிப் பாத்தியிலிருந்து உப்பைக் குவிக்கிற அம்பாரத்துக்கு நடக்கிற ஆள் பாதி வழியில் முடியாமல்போய் அந்தச் சொல்லைச் சொன்னால், பக்கத்தில் வெறுங்கையாக நிற்கிறவர், பகையாளியே ஆனாலும், ஏன் என்று கேட்காமல் பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதேபோல அந்தச் சொல் வராமல் யாரும் யார் தலையிலிருந்தும் பெட்டியை எடுக்கக் கூடாது. பாவம் பார்த்துத் திடீரென்று எடுத்ததில் கழுத்து பிசகி, இன்றைக்கும் உலகத்தை ஒரு பக்கமாகவே பார்த்துக்கொண்டு திரிகிறவர்கள் ஊரில் இரண்டு பேர் உண்டு. கேட்டால் மறுக்காதே, கேட்காமல் தொடாதே, அவ்வளவுதான். அரசாங்கம் எழுதிவைத்த சட்டம் எதுவும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்பதால், சுமக்கிறவர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட இந்த ஒன்று மட்டும் அங்கே ஒழுங்காக நடந்துவந்தது.

மருத்துவர் ஒரு மணிக்கு வந்தார். லிங்கத்துரையின் நெஞ்சிலும் நெற்றியிலும் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

"வெயில்ல விழுந்த உடம்பு கொதிக்கும்மா. இது ஐஸ் மாதிரி இருக்கு," என்றார். அவர் இரக்கமில்லாதவர் அல்ல, படித்த படிப்பு அப்படி. காகிதத்தில் 'மாரடைப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அளத்துக் கங்காணி அதைப் பார்த்துவிட்டு, "ராத்திரி நல்லா ஊத்தியிருப்பான்," என்று வாய்வழியாக இன்னொரு சான்றிதழும் கொடுத்தான். லிங்கத்துரை தன் வாழ்நாளில் சாராயத்தை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. அந்த நிமிடத்திலிருந்து பேச்சிக்கனிக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: காகிதத்தில் இருக்கும் மாரடைப்பை அடித்துவிட்டு வெயில் என்று எழுத வேண்டும். மூன்றே எழுத்து. அந்த மூன்றெழுத்து ஒரு தடவை ஏறிவிட்டால், பிறகு எந்த அளத்திலும் உச்சிப்பொழுதில் ஆளை இறக்க முடியாது என்பது பக்கத்து வீட்டுச் சந்தனமாரி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அது அவ்வளவு லேசில் ஏறவில்லை.

அவனை எடுத்து அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலம் பேச்சிக்கனி வாய்விட்டு அழவில்லை. வந்த கண்ணீர் கன்னத்துக்கு இறங்குவதற்குள் காய்ந்து, அங்கே உப்பு மட்டும் நின்றது. தலையில் ஊற்றிய தண்ணீர் தோளுக்கு இறங்குவதற்குள் ஆவியாகிப் போனது. நினைவு தப்புகிற நேரத்தில் அவள் வாய், அதற்குப் பழகின சொல்லைத் தானாகவே சொன்னது: "மாத்து."

சந்தனமாரி பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள். உள்ளங்கையும் உள்ளங்கையும் தொட்டன. பேச்சிக்கனி குளிர்ந்துபோய் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். சந்தனமாரியோ, "ஏளா, என்னத்தடி குடுத்த," என்று கேட்டபடி முற்றத்துக்கு ஓடிப்போய்த் தண்ணீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்தாள். தொட்டித் தண்ணீர் வெந்நீரானது. அன்றைக்கு அந்தத் தெருவில் துக்கம் கேட்கத் துட்டிக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் அதில்தான் குளித்தார்கள்.

மறுநாள் காலையில் சங்கச் செயலாளர் மந்திரமூர்த்தி வந்தார். அறுபத்து மூன்று வயது, நாலு தடவை சிறை, எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், மீதியைத் துண்டறிக்கைகளிலிருந்தும் ஆறு பக்கப் பிரசுரங்களிலிருந்தும் கற்றவர். கையில் 'வெப்பம் என்பது யாது?' என்ற பிரசுரம் இருந்தது.

"சூடு போறதுக்கு மூணு வழி," என்று தண்ணீர்க் குழாயடியில் கூடியிருந்தவர்களிடம் சொன்னார். "தொட்டுப் போவும், அது கடத்தல். காத்தோடயும் தண்ணியோடயும் கிளம்பிப் போவும், அது சலனம். தொடாமலே வரும், அது கதிர்வீச்சு. வெயில் அப்படித்தான் நம்மகிட்ட வருது. எந்த வழியில போனாலும் சூடானதுலருந்து சூடில்லாததுக்குத்தான் போவும். ரெண்டும் சமமாகுற வரைக்கும் போவும். அதுக்குப் பொறவு நின்னுரும்."

"அப்படின்னா நமக்கும் முதலாளிக்கும் ஏன் அண்ணாச்சி இன்னும் சமமாகல," என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"நாம அவியளத் தொட்டதே இல்லியே," என்றாள் குழாயடியை ஒட்டிய முற்றத்தில் தொட்டிக்குள்ளிருந்து சந்தனமாரி.

மந்திரமூர்த்தி சிரிக்கவில்லை. பிரசுரத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். இந்தச் சூடு பாதி பாதியாகப் பிரியவில்லை, சமமாகவும் இல்லை. கைவிட்டுக் கைக்கு முழுசாகப் போகிறது, கொடுத்தவளிடம் ஒரு பொட்டுகூட மிஞ்சுவதில்லை. அப்படி ஒரு சூட்டைப் பற்றி ஆறு பக்கத்திலும் ஒரு வரி இல்லை. பிரசுரத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"புத்தகத்துல இல்லாட்டி என்ன, நம்ம கையில இருக்குல்லா," என்றார். "இது லிங்கத்துரையைக் கொன்ன அன்னைக்கு மத்தியானத்து வெயில். இதுதான் சாட்சி. விசாரணைக்கு ஆள் வருத வரைக்கும் இதை விட்டுரப்பிடாது. ஒரு ஆளால சுமக்க முடியாது. வீட்டுக்கு ஒருத்தர், நாளைக்கு ஒருத்தர்."

நாற்பத்தோரு வீடு. விடியும்போது குழாயடியில் வைத்துக் கை மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. சூட்டுக்காரர் "மாத்து" என்று சொல்ல வேண்டும், அடுத்த வீட்டுக்காரர் வாங்கிக்கொள்ள வேண்டும். யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. தலைச்சுமை அவர்களுக்குப் புதிதில்லை, இது தலைக்குப் பதில் கையில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படியாக ஊர் அந்தச் சூட்டோடு குடித்தனம் நடத்தப் பழகியது. சூட்டுக்காரர் மடியில் வைத்த அரிசிப்பானை முக்கால் மணி நேரத்தில் பொங்கியது. கார்த்திகை வாடையில் புளிக்காத மாவு அவர் பக்கத்தில் வைத்தால் மூன்றே மணி நேரத்தில் பொங்கி வழிந்தது. எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தை ஒன்று முறைவைத்து ஒவ்வொரு சூட்டுக்காரர் மார்பிலும் படுத்து, உள்ளங்கை மட்டும் படாமல், முழுக்குழந்தையாகி எழுந்தது. எந்த வீட்டில் சூடு இருந்ததோ அந்த வீட்டுக்கு மேலே காற்று லேசாகி உயரே போய், காலியான இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று ஓடிவந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அறிவியல் புத்தகத்தோடு வந்து, படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்த கடற்காற்று இதுதான் என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஐப்பசி மழை ஊரெல்லாம் பெய்தபோது சூட்டுக்காரர் கூரைக்கு மேலே மட்டும் பெய்கிற மழை பாதியிலேயே புகையாகித் திரும்பிப் போனதால், தெருவே தன் ஈரத்துணியையெல்லாம் அங்கே கொண்டுபோய்க் காயப்போட்டது. மழைக்காலத்தில் உப்பு விளையாமல் தவித்த முதலாளி, சூட்டுக்காரரைப் பாத்தித் தண்ணீருக்குள் நாளெல்லாம் உட்காரவைத்தால் என்ன என்று கங்காணியை விட்டுக் கேட்டுப் பார்த்தார். கங்காணியிடம் அன்றைய சூட்டுக்காரர் வலதுகையை நீட்டி, "மாத்து," என்றார். கங்காணி வந்த வழியே போனான். பல வருடத்துக்கு அந்த ஊரில் சொல்லிச் சிரிக்க அது போதுமாக இருந்தது.

ஆனால் சும்மா வரவில்லை எதுவும். வீட்டோடு இருந்தால் மூன்று நாள் தாங்கலாம், வெயிலில் இறங்கினால் பொழுது சாய்வதற்குள் ஆள் விழும் என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. ஆகவே சூடு இருக்கும் நாளில் வேலை இல்லை. சூடு போன மறுநாள் எழுந்து நடக்கவும் முடியாது. மூன்று பேருக்கு மூத்திரம் ரத்தமாக இறங்கியது. ஒருத்திக்கு ஐந்து மாதக் கரு கலைந்தது. அவள் தன் முறை வந்தபோது வயிற்றில் பிள்ளை இருப்பதைச் சொல்லவில்லை. சொன்னால் முறை தள்ளிப்போகும், மாத்துக்கு மறுத்தவள் என்ற பேர் வரும் என்று பயந்திருந்தாள். பேச்சிக்கனி அவள் காலடியில் போய் உட்கார்ந்து, "போதும்டி, விட்டுருவோம்," என்றாள். "விட்டா எங்க விடுவ," என்று அவள் கேட்டாள்.  சுவரில் வைத்தால் ஏறவில்லை, கடலில் கையை விட்டால் மீன்தான் செத்து மிதந்தது. மனிதர் கையிலிருந்து மனிதர் கைக்குத்தான் அது போகும்.

பதினோரு மாதம் விசாரணை தள்ளிப்போனது. ஒரு தடவை தேர்தல், ஒரு தடவை அதிகாரி மாற்றல், ஒரு தடவை காரணமே சொல்லவில்லை. பங்குனி இருபத்தேழாம் தேதி கோகுலநாதன் என்ற அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். முப்பத்துநாலு வயது. மந்திரமூர்த்தி தன் ஆயுளில் பார்த்த அதிகாரிகளில் இவன் ஒருத்தன்தான் மனுவை முழுதாகப் படித்துவிட்டு வந்தவன். அன்றைக்குச் சூடு பேச்சிக்கனியிடம் இருந்தது. முறைப்படி அது வேறு வீட்டு நாள், சாட்சி சொல்லப்போகிறவள் கையில் இருக்கட்டும் என்று அவள் கேட்டு வாங்கியிருந்தாள்.

வேப்பமரத்தடியில் மேசை போட்டார்கள். கோகுலநாதன் அவள் அக்குளில் வெப்பமானி வைத்து எடுத்துப் பார்த்தார். நூற்றுப் பத்தோடு கோடு முடிந்திருந்தது, பாதரசம் அதையும் தாண்டி முட்டிக்கொண்டு நின்றது. அவர் நம்பாமல் இல்லை. நம்பித்தான் எழுதினார். பிறகு ஒவ்வொரு வீட்டாராக வந்து சாட்சி சொன்னார்கள். நான் ஒன்பது நாள் சுமந்தேன், நான் எட்டு நாள், என் மாமியார் நாளையும் சேர்த்து நான் பதினேழு நாள் என்று தலை நிமிர்ந்து சொன்னார்கள். அவர்கள் செய்த எதைப் பற்றியும் இதுவரை யாரும் காகிதத்தில் எழுதியதில்லை என்பதால், அவர் எழுதுவதைப் பார்க்கப் பார்க்க அவர்களுக்குப் பெருமை கூடிக்கொண்டே போனது. நாற்பத்தோரு வீடும் முடிந்தது. கோகுலநாதன் பேனாவை மூடினார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க," என்றார். "உங்க கணவர் செத்தது இந்தச் சூட்டாலதான்கிறீங்க."

"ஆமா சார்."

"இதே சூட்டை இத்தனை பேர் பதினோரு மாசமா தாங்கியிருக்கீங்க. எல்லாரும் என் முன்னாடி உயிரோட நிக்கறீங்க. அப்ப இது ஆளைக் கொல்ற சூடுன்னு நான் எப்படிம்மா எழுதறது?"

   ஒருவர் தலையில் விழுந்தால் கொல்வதை எல்லோரும் பிரித்துச் சுமந்தால் தாங்கலாம் என்றுதான் மந்திரமூர்த்தி நாற்பது வருடம் மேடையேறிச் சொல்லிவந்தார். அதைச் சொன்னபடியே செய்து காட்டிவிட்டார்கள். செய்து காட்டியதே அவர்களுக்கு எதிரான சாட்சியாக மேசைமேல் கிடந்தது.

"ரத்தமா இறங்குச்சு சார் மூணு பேருக்கு," என்றாள் சந்தனமாரி.

"அதுக்குக் காகிதம் இருக்கா?"

இல்லை. கோகுலநாதன் வருத்தத்தோடுதான் எழுதினார்: மேற்படி வெப்பம் மனிதர் தாங்கக்கூடியதே. மாரடைப்பு என்ற பழைய முடிவை மாற்றக் காரணமில்லை.

பேச்சிக்கனி அதை எட்டிப் பார்த்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள், எழுத்துக் கூட்டி வாசித்து முடித்தாள். பிறகு முந்தானையைச் செருகினாள்.

"பிரிச்சுத் தூக்கினோம், அதான் தெரியல உங்களுக்கு," என்றாள். "ஒத்தைக்கு நின்னாத் தெரியும்."

உப்பு வாருகிற வாருபலகையை எடுத்துக்கொண்டு கடைசிப் பாத்தியில் இறங்கினாள். மணி பதினொன்றரை. ஊர் அவள் பின்னாலேயே போய் வரப்பில் வரிசையாக நின்றது. சந்தனமாரி, "கேளுடி, வாங்கிக்கிடுதேன்," என்று பாத்தி ஓரமாகவே கையை நீட்டிக்கொண்டு நடந்தாள். பேச்சிக்கனி கேட்கவில்லை. கேட்காமல் தொடக் கூடாது. உப்பை வாரி வாரி வரப்போரம் குவித்தாள். அவள் கால் வைத்த இடத்தில் உப்புநீர் குமிழி விட்டது. அவளுக்கு முதலில் தாகம் போனது, பிறகு வேர்வை போனது, பிறகு வெயிலும் தானும் தனித்தனி என்கிற எண்ணம் போனது. தன் மனுசன் பெட்டியில்லாமல் கூப்பிட்டது ஏன் என்று அப்போது அவளுக்கு விளங்கியது, கூப்பிட வாய் வந்ததே பெரிய காரியம் என்றும் விளங்கியது.

கோகுலநாதன் குடையோடு ஓடிவந்தார். "ஏறி வாங்கம்மா. இதெல்லாம் வேண்டாம். மேல வாங்க," என்றார். அவள் சாய்ந்தாள். சாட்சி சொன்னவர்கள் நாளை எண்ணிச் சொன்னார்களே தவிர அந்தச் சொல்லின் சட்டத்தைச் சொல்லவில்லை, அதனால் அவருக்கு மாத்தும் தெரியாது, மறுப்பும் தெரியாது. ஒரு மனுசி விழுகிறாள் என்று மட்டும் தெரிந்தது. குடையைப் போட்டுவிட்டு, பூட்ஸ் காலோடு பாத்தியில் குதித்து, அவள் வலதுகையைப் பற்றி இழுத்தார்.

பேச்சிக்கனி குளிர்ந்து நடுங்கினாள். அவர் நிமிர்ந்து, தன் கையைப் பார்த்தார்.

"மாத்துன்னு சொல்லுங்க சார்," என்றாள் அவள். பல் தந்தியடித்தது. "மாத்து. சொல்லுங்க."

"மாத்த முடியாதும்மா," என்றார் அவர். "எழுதினது எழுதினதுதான்."

"அது இல்ல சார். மாத்துன்னு மட்டும் ஒரு சொல்லுச் சொல்லுங்க."

"மாத்த முடியாதுன்னு சொல்றேன்ல," என்று சொல்லிக்கொண்டே அவர் வரப்பில் ஏறி ஜீப்பைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். ஜீப் இரண்டு பர்லாங்கு தூரத்தில் நின்றது. வரப்பின் இரண்டு பக்கமும் நாற்பது பேர், எண்பது கை. சந்தனமாரியின் கை தானாக நீண்டது.

"யாரும் தொடாதிய," என்றார் மந்திரமூர்த்தி. குரலை உயர்த்தவில்லை. "அவரு கேக்கல."

கை மடங்கியது. கோகுலநாதன் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றியபடி அவர்கள் நடுவே நடந்தார், ஏன் எல்லோரும் தன்னை இப்படிப் பார்க்கிறார்கள் என்று புரியாதவராக இரண்டு தடவை நின்றார், மறுபடி நடந்தார். வெயிலும் சுமையும் பழகாத உடம்பு, பாதி வழியிலேயே உட்கார்ந்தார். பேச்சிக்கனி எழுந்திருக்கப் பார்த்தாள், கால் நிற்கவில்லை, உப்பில் முழங்காலால் தவழ்ந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் ஜீப் டிரைவர் வந்து அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் போய்விட்டார்.

அவர் சாவுக்கு ஒரே நாளில் காகிதம் வந்தது. அதே மருத்துவர்தான். ஜீப்பிலிருந்து இறக்கும்போதே புறங்கையால் தொட்டுப் பார்த்தார், இந்த உடம்பு கொதித்தது, கொதித்ததைக் கொதித்தபடி எழுதினார். மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. அன்றைக்கே, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை எந்த அளத்திலும் வேலை கூடாது, நிழலுக்குக் கொட்டகை போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. நாற்பது வருடம் மனுக் கொடுத்தும் வராத கீற்றும் மூங்கிலும் லாரியில் வந்து இறங்கின. ஊரில் சந்தோஷப்படவும் முடியாமல், படாமலிருக்கவும் முடியாமல் ஒரு பேச்சு ஓடியது. அவர் 'மாத்த' என்றுதானே சொன்னார், அதையே கேட்டதாக எடுத்துக்கொண்டிருக்கலாமே என்றார்கள் சிலர். 'முடியாது' என்றும் சேர்த்துத்தானே சொன்னார் என்றார்கள் சிலர். இரண்டு தரப்பும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசிக்கொண்டன.

இரண்டாம் நாள் சாயங்காலம் மந்திரமூர்த்தி அந்தக் காகிதத்தின் நகலோடு பேச்சிக்கனி வீட்டுக்கு வந்தார்.

"பாரு," என்றார். "வெயில்னு எழுதியிருக்கான். இந்த அளத்துல முதத்தடவை."

அவள் வாங்கிப் பார்த்தாள். பெயர் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, மீதியை வாசித்தாள். இறப்புக்குக் காரணம்: வெயில். இன்னொரு தடவை வாசித்தாள். விரலை எடுத்தாள்.

"நீங்க ஏன் அண்ணாச்சி தொடாதியன்னு சொன்னிய?"

"சட்டம் அதுதான."

"சட்டத்துக்காவா சொன்னிய?"

 "நாலு தடவை உள்ள இருந்தேன்," என்றார். "ஒரு கொட்டகை வாங்க முடியல என்னால. அன்னைக்கு வாய்ச்சுது. அவ்வளவுதான். வேணும்னா என்னைத் திட்டு." பிறகு, அவள் திட்டாததால், சும்மா இருக்க முடியாமல் சொன்னார்: "சூடும் போயிட்டுன்னு வச்சிக்கோ. அவரை அவரு ஊரு கோவில்பட்டியில எரிக்கயில போயிருந்தேன். உடம்பு சில்லுன்னு கிடந்துச்சு. நம்ம முறையும் முடிஞ்சுது."

பேச்சிக்கனி அவரைப் பார்த்தாள். ஐம்பது வருடமாகப் பிரசுரம் படிக்கிற மனிதர்.

"அப்ப ஆரோ கையைப் பிடிச்சிருக்காவ," என்றாள்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினாள்.

கோவில்பட்டியில் பந்தல் பிரிக்காத வீட்டைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. வாசலில் இருந்தவர்கள் இறந்தவரின் மனைவிக்குக் காய்ச்சல் என்றார்கள், துக்கத்தில் வருவதுதான், ஊசி போட்டிருக்கிறது என்றார்கள். அந்தத் தெருவில் வேறெங்கும் இல்லாத காற்று அந்த வீட்டு ஜன்னலுக்குள் போய்க்கொண்டிருந்தது. உள்ளே சிமெண்டுத் தரையில் ஈரப் போர்வையைச் சுற்றிக்கொண்டு கோகுலநாதனின் மனைவி சிந்துஜா சுவரில் சாய்ந்திருந்தாள். போர்வை ஆவி விட்டது. உதடு வெடித்திருந்தது.

"யாருக்கா நீங்க?"

"உன் வீட்டுக்காரர் விழுந்த அளத்துல வேலை பாக்கிறவ. பேச்சிக்கனின்னு பேரு." பக்கத்தில் உட்கார்ந்தாள். "உன் கையில இருக்கிறதை என்கிட்ட குடுத்துரு தாயி. மாத்துன்னு ஒரு சொல்லுச் சொல்லு, நான் வாங்கிக்கிடுதேன்."

சிந்துஜா வலதுகையை இறுக மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரில கையைப் பிடிச்சேன், அவரு எங்கிட்ட வந்துட்டாரு," என்றாள். "எல்லாரும் காய்ச்சல்ங்கறாங்க. எனக்குத் தெரியும். இது அவருதான். யாருக்கும் தரமாட்டேன்."

 பதினோரு மாதம் அதைச் சாட்சி என்றார்கள், ஆதாரம் என்றார்கள், முறை என்றார்கள். நாற்பத்தோரு வீட்டுக்கும் பேச்சிக்கனி அதைக் கொடுத்து அனுப்பினாள், அதில் அரிசி வெந்தது, துணி காய்ந்தது. அவளும் ஒரு நாளும் அதை லிங்கத்துரை என்று நினைத்ததில்லை. அது என் மனுசனுடையது என்று இப்போது சொல்லலாம். சொன்னால் இவளிடம் என்ன மிஞ்சும்?

"கேளு," என்றாள். "உன் வீட்டுக்காரருக்கு அந்தச் சொல்லுத் தெரியாது. தெரியாதுன்னு எங்களுக்குத் தெரியும். நாப்பது பேரு நின்னோம். ஒருத்தர் கை நீட்டியிருந்தா அவரு உசிரோட இருந்திருப்பாரு. நீட்டல."

 சிந்துஜா மெதுவாக, "வெளிய போங்க," என்றாள்.

பேச்சிக்கனி போகவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் கண் சொருகியது, திறந்தது, மறுபடி சொருகியது. மூடிய கை மட்டும் திறக்கவில்லை. சொல் வராது என்று தெரிந்துவிட்டது. பேச்சிக்கனி அவள் மணிக்கட்டைப் பிடித்து, கட்டைவிரலை விலக்கி, ஒவ்வொரு விரலாகப் பலவந்தமாகப் பிரித்தாள். சிந்துஜா கடித்தாள், முழங்கையால் முகத்தில் இடித்தாள், அவரை விடு அவரை விடு என்று கத்தினாள். கடைசி விரல் பிரிந்ததும் பேச்சிக்கனி தன் உள்ளங்கையை அதில் வைத்து அழுத்தினாள். கேட்காமல் எடுத்தாள்.

ஆட்கள் ஓடிவந்தார்கள். சிந்துஜா தரையில் குளிர்ந்து கிடந்து, கொண்டுபோகிறாள், அவரைக் கொண்டுபோகிறாள் என்று அழுதாள். எதைக் கொண்டுபோகிறாள் என்று தெரியாமலே பேச்சிக்கனியின் முடியைப் பிடித்துத் தெருவுக்குத் தள்ளினார்கள். ஒருவர் செருப்பால் அடித்தார். அவள் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. வலதுகை யார் மேலும் பட்டுவிடக் கூடாதே என்று அதை வயிற்றோடு சேர்த்து மூடிக்கொண்டாள்.

பேருந்து நிலையம் வரை வெயிலில் நடந்தாள். முள்ளியோடைக்கு மூன்று மணி நேரம். அங்கே குழாயடியில் நாற்பத்தோரு வீடு இருந்தது, யாரும் மறுக்கமாட்டார்கள், ஆனால் இனி அதை இன்னொரு கைக்குக் கொடுக்க அவளுக்கு மனம் இல்லை. டிக்கெட் கேட்ட கண்டக்டரிடம் இடதுகையால் காசைக் கொடுத்து, முள்ளியோடை விலக்குக்கு முந்தின நிறுத்தம் ஒன்றைச் சொன்னாள். அங்கே ஊர் இல்லை, கடல்தான் இருந்தது.

"அங்க யாரும்மா இறங்குவா," என்றார் கண்டக்டர்.

"ரெண்டு பேரு," என்றாள் பேச்சிக்கனி, மூடிய வலதுகையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு.

அவர் அவளையும் பக்கத்துக் காலி இருக்கையையும் பார்த்தார், ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.